மாசி வெயிலைத் தேடி: சேர்வராயன் மலையிலிருந்து தாரமங்கலம் வரை நான்கு நாள்

முதல் நாள் – மாசி 6, பிப்ரவரி 18
சேலம், மலைப்பாதை, லேடீஸ் சீட்

ஏற்காடு என்றதும் குளிர், ஏரி, படகு என்றுதான் பலரும் திட்டம் போடுவார்கள். இந்தப் பயணம் வெயிலுக்காக. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து நின்றால் சூரியக் கதிர் கண்ணுக்கு அகப்படும் என்பதை வைத்தே நான்கு நாளும் அமைகின்றன. கணக்குப் போட்டது கடைசி நாளிலிருந்து. மாசி 9 மாலை, மூலவர்மேல் வெயில் படும் நேரத்தில், தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் நிற்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று நாளும் மலையில்.

மாசி இதற்கு ஏற்ற மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் திறந்திருக்கும். விடியற்காலைப் பனிமூட்டமும் மலையை விட்டு முழுசாகப் போயிருக்காது. கதிர் தெரிவதற்கு இந்த இரண்டும் வேண்டும். நம்மைத் தாண்டிப் பக்கவாட்டில் போகிற ஒளி கண்ணுக்குள் வராது. வழியில் ஒரு நீர்த்துளியோ தூசியோ அதை மறித்து நம் பக்கம் திருப்பிவிட்டால்தான் காற்றில் கோடு விழும். துடைத்துவிட்டாற்போல் தெளிந்த வானத்தில் வெயில் உண்டு, கதிர் தெரியாது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு உள்ள வீச்சையும் இங்கேயே சொல்லிவிடலாம். சூரியனிலிருந்து வருவது கதிர். கம்பும் கேழ்வரகும் முற்றித் தலைசாய்ப்பது கதிர். ராட்டையில் நூல் சுற்றிக்கொள்ளும் இரும்புக் கம்பியும் கதிர்தான். மூன்றுமே மெலிந்து, நீண்டு, கூர்மையாக முடிகிறவை. கிரணம் என்றாலும் கதிர்தான். அதைக் கிரகணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கிரகணம் என்பது பிடித்துக்கொள்வது, மறைப்பு. சேலம் பக்கத்துக் கிராமங்களில் சூரியன் என்ற சொல்லே அதிகம் புழங்காது. “பொழுது கிளம்பிருச்சு”, “பொழுது சாயுது” என்பார்கள். நேரத்துக்கும் சூரியனுக்கும் ஒரே பெயர்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சேலம் இருப்பது 78.2 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நம் பொழுது கடிகாரத்துக்கு 17 நிமிடம் பிந்தி வருகிறது. பிப்ரவரியில் பூமியின் ஓட்டக் கணக்கால் இன்னும் 14 நிமிடம் கூடும். ஆகவே இந்த வாரம் சூரியன் உச்சிக்கு வருவது 12.31க்கு. நவம்பர் தொடக்கத்தில் வந்தால் 12.01க்கே உச்சி. இப்போது உதயம் 6.37, மறைவு 6.25. இந்த மூன்று எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். பிற்பகல் 3 மணிக்குமேல் ஏறினால் பாதி வளைவுகளில் மேற்கு வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும். அப்போது கண் கூசுவதற்குப் பாதிக் காரணம் கண்ணாடியின் உட்புறம் படிந்திருக்கும் மெல்லிய தூசிப்படலம். வெளிப்பக்கத்தை எல்லோரும் துடைப்பார்கள், உட்புறத்தை மறந்துவிடுவார்கள். அடிவாரத்தில் நிறுத்தி, ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை உட்புறத்தைத் துடைத்துவிட்டு ஏறுங்கள். பனிமூட்டத்தில் இறங்கும்போதும் இதே இயல்புதான் வேலை செய்கிறது. ஹைபீம் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு நம்மிடமே திரும்பி வந்து வெள்ளைச் சுவராக நிற்கும். தாழ்த்திய விளக்குதான் சரி.

லேடீஸ் சீட் மலையின் தென்மேற்கு விளிம்பு. கீழே மலைப்பாதை மடிந்து மடிந்து இறங்குவதும், அதற்கப்பால் சேலம் நகரமும் தெரியும். நல்ல தெளிவிருந்தால் மேட்டூர் நீர்ப்பரப்பு ஒரு தகடுபோல மின்னும். மேட்டூர் ஏற்காட்டுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே இருக்கிறது. இந்த நாட்களில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 11, 12 டிகிரி இடப்பக்கம் தள்ளி மறைகிறது. மேட்டூர்ப் பக்கமாகவே பொழுது இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் கடைசி வாரம் வர வேண்டும்.

5.15க்கு வந்து இடம் பிடியுங்கள். இன்று அடிவானத்துக்குச் சற்று மேலே திட்டுத்திட்டாக மேகம், இடையிடையே கிழிசல்கள். இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. ஒவ்வொரு கிழிசலிலிருந்தும் ஒரு பட்டை, விசிறி விரித்தாற்போல் கீழே இறங்கியது. பார்க்கிறவருக்கு அந்தப் பட்டைகள் மேகத்துக்குப் பின்னாலேயே, பக்கத்தில், ஒரு புள்ளியிலிருந்து புறப்படுவதாகத் தோன்றும். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று இணையானவை. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து 8 நிமிடம் 20 வினாடியில் வந்து சேரும் ஒளி இங்கே விரிந்துகொண்டிருக்க இடமில்லை. தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் இரண்டு கம்பியும் தூரத்தில் சேர்வதுபோலத் தெரியுமே, அதே காட்சிதான் வானத்தில்.

மேகம் அடிவானத்தை ஒட்டி ஒரே சுவராக நின்றால் இது கிடைக்காது. உயரத்தில் மெல்லிய பஞ்சு மேகம் பரவியிருந்தாலும் கிடைக்காது. ஆனால் அப்போது சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வளையம் இருக்கிறதா என்று தேடுங்கள். கையை நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியால் சூரியனை மறைத்தால், சுண்டுவிரல் நுனி போய்த் தொடும் இடத்தில் வளையம் இருக்கும். அது 22 டிகிரி, பனிப்படிகங்கள் செய்வது.

மறையும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று. தரைமட்டத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேலே நிற்பதால், மலையில் இருப்பவருக்கு அடிவானம் சுமார் ஒரு டிகிரி கீழே இறங்கியிருக்கும். சேலத்தில் பொழுது சாய்ந்து 4 நிமிடம் கழித்துத்தான் மேலே சாயும். கீழே தெருவிளக்கு எரிந்த பிறகும் விளிம்புப் பாறையில் செம்மை ஒட்டிக்கொண்டிருக்கும்.


இரண்டாம் நாள் – மாசி 7, பிப்ரவரி 19
பகோடா பாயிண்ட், காப்பித் தோட்டம், களம்

5.45க்குப் புறப்பட வேண்டும். பகோடா பாயிண்ட் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. கல் அடுக்கிய கோபுரங்கள் நிற்பதால் அந்தப் பெயர். 6.10க்கு அங்கே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கிழக்கை அல்ல. திரும்பி மேற்கு வானத்தைப் பாருங்கள், மரங்கள் விட்ட இடைவெளியில். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. நீலம் என்பது பூமியின் நிழல். சூரியன் மேலேற ஏற அது கீழே அமிழ்ந்துபோகும்.

கிழக்கே சமவெளிமேல் மாசிக் காலையில் தூசியும் புகையும் ஒரு மூடிபோலத் தங்கியிருக்கும். இரவில் தரை குளிர்ந்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று படுத்துக்கொள்வதால் கீழிருப்பது மேலே எழ முடியாது. மேலிருந்து பார்த்தால் மூடியின் விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல் இருக்கும். சூரியன் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து வரும்போது வட்டமாக வராது. அடிப்பாகம் நசுங்கி, வட்டில்போல இருக்கும். காற்று ஒளியை வளைக்கிறது. அடிவானத்துக்கு அருகே வளைவு அதிகம் என்பதால் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிடக் கூடுதலாகத் தூக்கப்படுகிறது. அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு சூரியன் தெரியும் அந்த நேரத்தில், கணக்குப்படி அது இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான்.

உதிக்கும்போது ஒளி கடந்து வரும் காற்று, உச்சியில் வரும்போது கடப்பதைப்போல ஏறக்குறைய 38 மடங்கு. நீலம் சிவப்பைவிடச் சுமார் 6 மடங்கு அதிகமாகச் சிதறும். அவ்வளவு தூரத்தில் நீலம் முழுக்க வழியிலேயே உதிர்ந்துவிட, கண்ணுக்கு வந்து சேர்வது செம்மை மட்டும். இந்தப் பொன்னிறம் 25 நிமிடம்கூட நிற்காது. நம் ஊர் 12 டிகிரி அட்சரேகைக்குள் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது, 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. படம் எடுக்கிறவர்கள் உதயத்துக்குப் பிறகு கருவியைச் சரிசெய்யத் தொடங்கினால் பிந்திவிடும்.

7.10க்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிக் காப்பித் தோட்டத்துக்குள் வந்துவிட வேண்டும். தோட்டங்கள் தனியார் நிலம். முந்தின நாளே கேட்டு, வேலியோரப் பாதையில் நிற்க ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் காப்பி வந்தது 1820 வாக்கில், எம்.டி. காக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில். காப்பிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது, இலை கருகும். அதனால் மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, நடுவே முள்முருங்கை என்று நிழல் அடுக்கு வைத்திருக்கிறார்கள். செடிக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் கதிர் பார்க்கிறவருக்குக் கிடைத்த வரம். நேரான மரங்கள் கதிரைத் துண்டு போடுகின்றன, பனிமூட்டம் அந்தத் துண்டுகளைக் காட்டுகிறது.

நிற்கும் இடம் முக்கியம். பலர் சூரியனை முதுகுக்கு வைத்துக்கொண்டு “இங்கே கதிரே இல்லையே” என்பார்கள். பனித்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் சிதறடிக்கும். சூரியன் இருக்கும் திசையை நோக்கி நின்று, சூரியனை ஒரு அடிமரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டால் மரத்தின் இரண்டு பக்கமும் கதிர்கள் உடைத்துக்கொண்டு வரும். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தால் கண் கூசும். அரை அடி வலப்பக்கம் நகர்ந்தால் பட்டைகள் இடம் மாறும். இன்று 7.25க்கு ஒரு கதிர், வேலியோரம் நின்ற செடியின் நுனியைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. அதனுள்ளே கூர்ந்து பார்த்தால் வெளிச்சம் ஒரே சீராக இல்லை. மாவு சலிக்கும்போது பறப்பதைப்போல, தனித்தனித் துளிகள் மெதுவாக மேலேறி, கதிரின் விளிம்பைத் தாண்டிய நொடியில் இல்லாமல் போயின. கதிரின் விளிம்பும் கத்தியால் வெட்டினாற்போல் இருக்காது. சூரியனுக்கு அரை டிகிரி அகலம் உண்டு. இலைக்கு அருகே விளிம்பு கூராக இருக்கும், கீழே இறங்க இறங்கக் குழைந்துவிடும்.

கைபேசியில் எடுப்பவர்கள் லென்ஸைச் சட்டைத் துணியால் துடைத்துவிட்டு, திரையில் வெளிச்சம் அதிகமுள்ள இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். நிழல்கள் கறுத்துப்போனால் போகட்டும், கதிர் நிற்கும். எச்.டி.ஆரை அணைத்துவிடுவது நல்லது, அது இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தப் பார்த்துக் கதிரைக் கரைத்துவிடும். கேமராவில் லென்ஸ் துவார அளவு எஃப் 8 முதல் 11, வெளிச்சம் ஒரு படி குறைவாக. இலையிடுக்கில் சூரியன் நட்சத்திரமாகத் தெரிய எஃப் 16. துவாரத்தின் தகடுகள் இரட்டைப்படை என்றால் நட்சத்திரத்துக்கு அத்தனை முனை, ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு முனை. தொலைநோக்கு லென்ஸை வைத்துக்கொண்டு கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடி போதும், விழித்திரை வெந்துவிடும். வலிகூடத் தெரியாது.

8.30க்கு மூட்டம் கலைந்துவிட்டது. கதிர் போய்விட்டது என்று பலர் கிளம்பிவிடுவார்கள். அது தரைக்கு இறங்கியிருக்கிறது. மர நிழலில் கிடக்கும் வெளிச்சப் பொட்டுகளைக் கவனியுங்கள். இலைகளின் இடுக்குகள் முக்கோணம், கீறல், கோணல் என்று எப்படி இருந்தாலும் தரையில் விழும் பொட்டு வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தின்போது இந்தப் பக்கத்து மரநிழல்களில் அத்தனை பொட்டும் பிறையாகிக் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

இதை வைத்து மரத்தை அளக்கலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கதிருக்குக் குறுக்கே, பொட்டு நல்ல வட்டமாகும்படி சாய்த்துப் பிடியுங்கள். விட்டத்தை அளந்து 107ஆல் பெருக்குங்கள். 10 சென்டிமீட்டர் வந்தால் அந்த இலையிடுக்கு கதிரின் வழியே 10.7 மீட்டர் தள்ளி இருக்கிறது. பொட்டு மங்கி விளிம்பே தெரியாமலிருந்தால் இடுக்கு பெரியது என்று பொருள், வேறு பொட்டைத் தேடுங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு அளவுநாடா போதும், முற்பகல் முழுக்க ஓடிவிடும்.

உச்சிவேளைக்குக் காப்பிக் களம். மாசியில் அறுவடையின் கடைசிப் பழங்கள் காய்ந்துகொண்டிருக்கும். பழத்தோடு காய்வது செர்ரி, தோலுரித்து ஊறவைத்துக் கழுவியபின் மெல்லிய ஓட்டோடு காய்வது பார்ச்மென்ட். செர்ரியை 8 சென்டிமீட்டர் கனத்துக்குமேல் பரப்பக் கூடாது. நல்ல வெயிலில் 12 முதல் 15 நாள். ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். பார்ச்மென்ட் 7 முதல் 10 நாள், மணிக்கொருமுறை கிளறிவிட்டு. இதில்தான் வெயிலின் அளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் உச்சி வெயிலில் திறந்து விட்டால் ஓடு வெடித்துவிடும். உள்ளே ஈரம் இருக்க, வெளியே மட்டும் இறுகியதால் வரும் வெடிப்பு. அதனால் 12 முதல் 3 வரை மூடிவிடுகிறார்கள். பொழுது சாயும் முன் குவித்துத் தார்ப்பாய் போட்டாக வேண்டும். இல்லையென்றால் பகலில் போன ஈரம் இரவுப் பனியில் திரும்பி ஏறி, பூஞ்சை வாடையோடு நிற்கும். கடைசி ஈரப்பதம் 10, 11 சதவீதம். காலையில் பார்த்த கதிருக்கும் இந்தக் களத்து வெயிலுக்கும் நடுவே ஐந்து மணி நேரம்தான். பெயர் மட்டும் இளவெயில், ஏறுவெயில், உச்சி வெயில் என்று மாறிவிட்டது, வேலையும் மாறிவிட்டது.


மூன்றாம் நாள் – மாசி 8, பிப்ரவரி 20
சேர்வராயன் கோயில், மலை நிழல்

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி சுமார் 1,620 மீட்டர். மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம் குகைக்குள் இருக்கிறது. திருவிழா மே மாதம். வெளியே மரமில்லாத பரந்த புல்வெளி. காலை 7 மணிக்கு அங்கே நிற்க வேண்டிய காரணம் அந்தப் புல்லின் பனிநீர்.

சூரியனை முதுகுக்கு வைத்து நில்லுங்கள். நிழல் நீளமாகப் புல்லின்மேல் விழும். தலையின் நிழலைச் சுற்றி மட்டும் வெள்ளை ஒளிவட்டம் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் தலையில் அது இருக்காது. அவரைக் கேட்டால் தன் தலையில்தான் இருக்கிறது என்பார். இருவரும் சொல்வது உண்மை. ஒவ்வொரு பனித்துளியும் சின்ன லென்ஸாக இருந்து ஒளியை இலைமேல் குவிக்கிறது, இலை அதை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. வந்த வழியில் அவரவர் கண் மட்டும்தான் இருக்கிறது. நடந்து பார்த்தால் வட்டமும் கூடவே வரும். 8 மணிக்குப் பனிநீர் உலர்ந்தால் போய்விடும்.

பள்ளத்தில் மூடுபனி நிரம்பி, உங்கள் பின்னால் வெயில் அடித்தால் இன்னும் அரிய காட்சி கிடைக்கலாம். பனித்திரையில் உங்கள் நிழலும், தலையைச் சுற்றி வண்ண வளையங்களும். காலையில் இதற்கு மேற்குப் பக்க விளிம்புகள்தான் ஏற்றவை. இன்று பள்ளத்தில் பனி இல்லை.

மலை வெயிலைக் குளிர்ச்சியை வைத்து எடைபோடுவது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. சேலத்தைவிட ஏற்காடு சுமார் 8 டிகிரி குளிர்ச்சி. ஆனால் 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் என்ற அளவில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. தலைக்கு மேலிருக்கும் காற்று கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. உடம்பு சுடாததால் தெரியாது, இரவில் கழுத்தும் காதும் எரியும்போதுதான் தெரியும். தொப்பி, நீளக்கை, காதின் மேல்விளிம்புக்கும் சேர்த்துக் கிரீம்.

அதேபோல, காலை 7 மணி இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று பரவலாக நம்பிக்கை இருக்கிறது. தோலில் அதை உண்டாக்கும் கதிர்கள், சூரியன் தாழ்வாக இருக்கும்போது காற்றிலேயே வடிகட்டப்பட்டுவிடுகின்றன. நிழலைப் பார்த்தால் போதும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அவை போதுமான அளவு தரைக்கு வரும். இந்த வாரம் அது காலை 9.55 முதல் மாலை 3.07 வரை. அந்த நேரத்தில் சில நிமிடம் போதும். வெந்துபோகிற அளவுக்கு நிற்க வேண்டியதில்லை. இளவெயிலுக்கு வேறு பயன் உண்டு: கண்ணுக்கு இதம், உடம்பின் நாள்முறை சரியாவது.

மாலையில் மறுபடி பகோடா பாயிண்ட். பொழுது மேற்கே சாயும்போது கிழக்கு விளிம்புக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். மலையின் நிழலைப் பார்ப்பதற்கு. சமவெளிக்கு மேல் 1,200 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் மலை, சூரியன் 5 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 13 கிலோமீட்டருக்கு மேல் நிழல் விரிக்கும். 5.40 முதல் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர்களும் வயல்களும் ஒவ்வொன்றாக அந்த நிழலுக்குள் மூழ்குவது தெரியும். அடுத்த ஊரில் இன்னும் மஞ்சள் வெயில். மேற்கே மேகக் கிழிசல் இருந்தால், தலைக்குமேல் கடந்துவந்த கதிர்கள் கிழக்கு அடிவானத்தில் போய் மறுபடி ஒரு புள்ளியில் கூடும். மங்கலாகத்தான் இருக்கும், தேடினால் கிடைக்கும். முதல் நாள் சொன்ன தண்டவாளத்தின் மறுமுனை இது.

இறங்குவதற்குக் குப்பனூர் சாலை.


நான்காம் நாள் – மாசி 9, பிப்ரவரி 21
சேலம், தாரமங்கலம்

காலையில் நெசவுத் தெரு. கைத்தறிக்கான பாவு நூலை, அதாவது துணியின் நீள இழைகளை, இன்னும் தெருவில் நீட்டும் இடங்களில், வேலை பொழுது கிளம்பும் முன்பே தொடங்கிவிடும். இழைகளை மூங்கில் தாங்கிகளில் விறைப்பாக நீட்டி, கஞ்சி பூசி, இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் தூரிகையால் நீவிக்கொண்டே வருவார்கள். முதல் வெயிலில் காய வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி நீவுவதற்குள் காய்ந்து இழை முறியும். சாயம் போட்ட நூலுக்கு நிழல்தான் ஏற்றது.

நகரத்தை விட்டு வெளியே வந்தால் ஜவ்வரிசி ஆலைகளின் சிமெண்டுக் களங்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் படியவைத்து எடுத்த மாவை உருட்டி, சலித்து, சட்டியில் வறுத்தபின் களத்துக்கு வருகிறது. நல்ல வெயிலில் ஒரே பகலில் காய வேண்டும். இடையில் மேகம் கவிந்தால் பாதி காய்ந்த மணிகள் ஒட்டிக் கட்டியாகும், புளித்த வாடையும் வரும். வெண்மையான களம் வெயிலைத் திருப்பி அடிப்பதால் தொப்பி மட்டும் போதாது, கீழிருந்தும் கண் கூசும். இங்கே வெயிலைக் காணும் விதம் வேறு: தரையே ஒளிர்கிறது.

பிற்பகல் 4 மணிக்குத் தாரமங்கலம் வந்துவிடுவது நல்லது. ஓமலூர் வழியாக வரலாம். கைலாசநாதர் கோயில் மேற்கு பார்த்தது. இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்து, 17ஆம் நூற்றாண்டுத் திருப்பணி. மாசி 9, 10, 11 மூன்று மாலையும் வெயில் வாசல் வழியே நுழைந்து, நந்தியின் கொம்புகளுக்கிடையே போய், மூலவர்மேல் படும் என்பது இந்தக் கோயிலின் பெருமை.

காத்திருக்கும் நேரத்தில் வாலி வதத் தூண்களைப் பாருங்கள். ராமர் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவார். வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமர் தெரியமாட்டார். பார்வைக்கோடு எங்கே போகும், எங்கே கல் மறிக்கும் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கணித்த சிற்பிகளுக்கு, ஒளிக்கோடு போகும் வழி தெரியாமல் இருக்குமா?

அந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இன்று சூரியன் நேர் மேற்கிலிருந்து 11 டிகிரி தெற்கே மறைகிறது. வாசல்களின் வரிசை அந்தக் கோணத்தோடு ஒத்துப்போகும் நாட்கள் இவை. சூரியன் உயரத்தில் இருக்கும்வரை நிலையின் மேற்கல் மறித்து, வெயில் வாசலருகே தரையிலேயே விழுந்துவிடும். சுமார் 6 மணிக்கு 5 டிகிரிக்கு இறங்கியபின்தான் வெயில் நீண்டு உள்ளே வரத் தொடங்கும். வாசலுக்கும் கருவறைக்கும் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சூரியன் ஒரு டிகிரி இறங்கும் 4 நிமிடத்தில் வெளிச்சம் உள்சுவரில் அரை மீட்டர் மேலேறும். நிமிடத்துக்கு 13 சென்டிமீட்டர். லிங்கத்தின் அடியிலிருந்து உச்சிக்கு அது ஏறிக் கடக்க அதிக நேரம் ஆகாது. அடிவானத்தில் தூசியோ மேகமோ இருந்தால் அந்தச் சில நிமிடமும் போய்விடும். அதனால் மூன்று நாள் வாய்ப்பு இருப்பது பெரிய விஷயம்.

இதே கோணத்துக்குச் சூரியன் வருடத்தில் இன்னொரு முறை வருகிறது, அக்டோபர் 20 ஒட்டி, ஐப்பசித் தொடக்கத்தில். அது வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலம். மேற்கு வானம் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். சிறப்பு மாசிக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

5.30க்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். நடுவழியில் நின்றால் வெயிலை நாமே மறித்துவிடுவோம், ஓரத்தூணை ஒட்டி நிற்பதுதான் எல்லோருக்கும் நல்லது. கைபேசி விளக்கை உயர்த்திப் பிடிப்பவர்களால் அந்த மெல்லிய செம்மை வெளுத்துப்போகிறது. கோயிலுக்குள் படம் பிடிக்க வேண்டாம், கண்ணால் பாருங்கள். தரையைத் தொட்டு வரும் வெயிலில் முதலில் தெரிவது கல்லின் தேய்மானம். இத்தனை காலமும் மனிதக் கால்கள் நடந்து வழித்த பள்ளங்கள் ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழும். அப்புறம் படி, அப்புறம் கற்பூரப் புகை. புகை பட்ட இடத்தில் மட்டும், மலையில் பனிமூட்டத்துக்குள் கண்ட அதே பட்டை, இங்கே செம்பு நிறத்தில் தெரியும்.

மறையும் சூரியன் நேர் கீழே இறங்குவதில்லை, கொஞ்சம் வடக்கே சாய்ந்து இறங்கும். அதனால் உள்ளே வெளிச்சம் மேலேறும்போதே தெற்கே நகரும். நாளைக்குச் சூரியன் மறையும் இடம் 0.36 டிகிரிக்கும் சற்று மேல் வடக்கே தள்ளிப்போயிருக்கும். 30 மீட்டர் தூரத்தில் அது 19 சென்டிமீட்டர். மாசி 10 மாலை இதே நேரத்துக்கு வருகிறவர்கள், அந்த வெளிச்சத் துண்டு இன்று பட்ட இடத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெற்கே தள்ளி விழுவதைப் பார்க்கலாம்.